நுண்தடய ஆய்வை வகுப்பில் சொல்லுங்கள்: யாழ்ப்பாணத்து விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உயர்தர இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல் ஆசிரியர்களுக்கும், பாடசாலைகளில் தொழில் வழிகாட்டலுக்குப் பொறுப்பானவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு, வகுப்புத் தொடங்கும் காலத்திலேயே, நுண்தடய ஆய்வு என்று, குற்றச் சான்றாகக் கிடைக்கும் இழை, கண்ணாடி, மண் போன்ற சின்னஞ்சிறு பொருட்களை ஆராயும் ஒரு தொழில் இருப்பதைச் சொல்லுங்கள். பெறுபேறு வந்து, இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்குக் காணாது என்று தெரிந்து, வீடே இழவு வீடு போலக் கிடக்கும் நாளில் ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம். அந்த நேரத்தில் சொன்னால் எந்தத் தொழிலும் தோற்றவர்களுக்கு மிஞ்சியதாகத்தான் தெரியும். இந்த வேலைக்கு மிக நல்ல பிள்ளைகள் வேண்டும். மருத்துவம் கிடைத்தாலும் இதுதான் எனக்கு வேண்டும் என்று நிற்கக்கூடிய பிள்ளைகள் வேண்டும்.

நான் இரசாயனவியல் படித்து, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பகுப்பாய்வுக் கூடங்களில் செலவிட்டு ஓய்வுபெற்றவள். இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்பது வழக்கம். டொக்டர், எஞ்சினியர், இப்போது ஐரி. இரசாயனவியலை ஆசையோடு படிக்கும் பிள்ளைகூட, "கெமிஸ்ரி செய்து என்ன வேலை அன்ரி, படிப்பிக்கிற வேலைதானே?" என்கிறது. உங்கள் தொழிலை அந்தப் பிள்ளை குறைத்துப் பேசவில்லை. வேறொன்று இருப்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

ஒருவர் ஓர் இடத்துக்குள் போனால், இன்னொருவரைத் தொட்டால், ஏதோ ஒன்றை அங்கே விட்டுவிட்டு, வேறேதோ ஒன்றைத் தன்னோடு கொண்டு போகிறார். எட்மண்ட் லொக்கார் என்பவர் 1910இல் பிரான்சின் லியோன் நகரில், நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் கிடைத்த இரண்டு சிறிய அறைகளில் ஒரு பொலிஸ் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். அவர் கட்டியெழுப்பியதெல்லாம் இந்த எண்ணத்தின் மேல்தான். நூலிழை, மயிர், கண்ணாடித் துணிக்கை, வர்ணப்பூச்சின் செதில், மண், துப்பாக்கி வெடிக்கும்போது கையிலும் உடுப்பிலும் படியும் துகள் ஆகியவையே நுண்தடய ஆய்வாளரின் பொருட்கள். மரபணுவையும் கைரேகையையும் பார்ப்பவர்கள் வேறு.

தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு உண்மையான வேலையைச் சொல்லிவிடுங்கள். ஆய்வாளர் பெரும்பாலும் குற்றம் நடந்த இடத்துக்குப் போவதே இல்லை. அவர் மேசைக்கு வருவது முத்திரையிட்ட ஒரு கடதாசிப் பை. பொலித்தீன் பையில் ஈர உடுப்பைப் போட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதால் காயவைத்துக் கடதாசியில் சுற்றியிருப்பார்கள். சந்தேகநபரின் உடுப்பும் பாதிக்கப்பட்டவரின் உடுப்பும் ஒரே மேசையில் ஒருபோதும் விரிக்கப்படாது. வேறு அறை, வேறு நாள், முடிந்தால் வேறு ஆள். சேட்டின் மேல் ஒட்டுநாடாவை அங்குலம் அங்குலமாக ஒற்றி எடுத்து, அதை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, நுண்ணிய சாவணத்தால் இழை இழையாகப் பிரிப்பார். கழுத்து வலிக்கும், கண் எரியும். செய்தது எல்லாவற்றையும் அந்தந்த நேரத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பையை யார் கொடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்பதில் ஒரு வரி விடுபட்டாலும் முழு வேலையும் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகும்.

ஆனால் இதில் இருக்கும் விஞ்ஞானம் எவ்வளவு அழகானது என்று பாருங்கள். கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். ஒருவன் யன்னலை உடைக்கிறான். கண்ணாடி முன்னால் மட்டும் சிதறுவதில்லை, உடைத்தவன் பக்கமும் தெறிக்கும். அவனுடைய சேட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணிக்கை தங்கியிருக்கிறது. அதை ஒரு சிலிக்கோன் எண்ணெய்த் துளியில் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால் துணிக்கையின் விளிம்பில் பிரகாசமான ஒரு கோடு தெரியும். மெல்லச் சூடாக்குகிறோம். வெப்பம் ஏற எண்ணெயின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் எண், குறைந்துகொண்டு போகும், கண்ணாடியினுடையது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இரண்டும் சமமாகும் வெப்பநிலையில் விளிம்பு மறைந்து துணிக்கையே காணாமல் போகும். அந்த வெப்பநிலையிலிருந்து கண்ணாடியின் முறிவுச் சுட்டியைத் துல்லியமாகச் சொல்லலாம். சாதாரண யன்னல் கண்ணாடிக்கு அது 1.52ஐ ஒட்டி வரும். வேறுபாடு தெரிவது அதற்கடுத்த தசம தானங்களில். பௌதிகவியல் பாடத்தில் நீங்கள் கரும்பலகையில் எழுதும் அதே முறிவுச் சுட்டிதான். பரீட்சையோடு மறந்துவிடும் ஒரு எண், ஒரு மனிதன் அந்த வீட்டுக்குப் போனானா என்ற கேள்விக்குள் வந்து நிற்கிறது. இதைக் கேட்டபின் கண் விரியாத பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

இந்தத் தொழிலுக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஏன் வேண்டும், கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். என் மடலின் நடுப்பகுதி இதுதான், ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு நுண்தடயம் எதோடு ஒத்துப்போகிறது என்று கருவி சொல்லும். அந்த ஒற்றுமைக்கு எவ்வளவு பெறுமதி என்று கருவி சொல்லாது. அந்தப் பொருள் அந்த ஊரில் எவ்வளவு பரவலாகக் கிடக்கிறது என்று தெரிந்தவரால்தான் அதைச் சொல்ல முடியும். வெள்ளைப் பருத்தி இழை ஒன்று சந்தேகநபரின் உடுப்பில் கிடைத்தது என்று வையுங்கள். பள்ளிச் சீருடையும் வேட்டியும் நிறைந்த எங்கள் ஊரில் அந்த இழைக்குப் பெறுமதியே இல்லை. அதுவே ஒரு குறிப்பிட்ட சாயமிட்ட சாறியின் செயற்கை இழையென்றால் கதை மாறலாம். எவ்வளவு மாறும் என்பதற்கு, எங்கள் பஸ் இருக்கைகளிலும் கோயில் வீதிகளிலும் என்னென்ன இழைகள் கிடக்கின்றன என்று யாராவது பொறுக்கி எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவில் செய்த கணக்கெடுப்பு இதற்கு உதவாது.

வர்ணப்பூச்சும் அப்படித்தான். பலாலி வீதியிலோ ஏ9 வீதியிலோ ஒரு வாகனம் மோதிவிட்டுத் தப்பியோடுகிறது. இறந்தவரின் சைக்கிளில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேற்பூச்சு என்று படைபடையாகத் தெரியும். தொழிற்சாலையில் அடித்த பூச்சு ஆயிரக்கணக்கான வாகனங்களில் ஒன்றுபோலிருக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் கராஜ்களில் மீண்டும் மீண்டும் பூச்சடித்து ஓடிக்கொண்டிருந்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை படை, எந்த வரிசை! அந்த வரிசை இன்னொரு வாகனத்தில் அப்படியே வர வாய்ப்பு மிகக் குறைவு. எங்கள் வறுமையும் சிக்கனமும் ஒரு வாகனத்துக்குத் தனி அடையாளத்தைக் கொடுத்துவிடுகின்றன. இதை ஐரோப்பியத் தரவுத்தளம் எதுவும் சொல்லாது.

மண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த முடியாது. 1904இல் ஜேர்மனியில் ஒரு பெண் கொலை செய்யப்பட்ட இடத்தில் அழுக்கான கைக்குட்டை ஒன்று கிடைத்தது. ஜோர்ஜ் பொப் என்ற இரசாயனவியலாளர் அதில் நிலக்கரித் துகளையும் மூக்குப்பொடியையும் ஹோர்ன்பிளென்ட் என்ற கனிமத்தின் மணிகளையும் கண்டார். சந்தேகநபர் நிலக்கரி எரிக்கும் வாயுத் தொழிற்சாலையிலும் ஒரு சரளைக் கிடங்கிலும் வேலை செய்தவர். அவருடைய நகத்துக்கடியில் அதே துகள்கள். காற்சட்டையில் இரண்டு படை மண்: உள்ளே கொலை நடந்த இடத்து மண், அதற்கு மேலே அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகும் பாதையின் மண். உரும்பிராயின் செம்மண்ணையும், மணற்காட்டின் மணல்மேட்டையும், செம்மணி வெளியின் உவர் நிலத்தையும் எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வார்கள். சில மைல்களுக்குள் இத்தனை வேறுபாடு. அடியில் சுண்ணக்கல், கரையோர மணலில் முருகைக்கல் துண்டும் சிப்பித் தூளும், தோட்டத்து மண்ணில் உரமும் பனை மகரந்தமும். இந்தக் குடாநாட்டின் மண்ணை ஊர் ஊராக, நிறம், மணியளவு, கனிமம், மகரந்தம் என்று அளந்து வரைபடமாக்குவது ஒரு பட்டதாரி மாணவரின் வாழ்நாள் வேலைக்குப் போதும்.

சூட்டுத் துகளைப் பாருங்கள். தோட்டாவின் அடியிலுள்ள தீமூட்டிக் கலவையிலிருந்து ஈயம், பேரியம், அந்திமனி மூன்றும் சேர்ந்த உருண்டையான துகள்கள் வரும். அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அவற்றின் வடிவத்தையும் மூலகங்களையும் ஒன்றாகப் பார்க்கலாம். ஆனால் வாணவெடியிலிருந்தும், வாகனத்தின் பிரேக் தேய்வதிலிருந்தும் கிட்டத்தட்ட இதே மூலகங்கள் கொண்ட துகள்கள் வரக்கூடும். நல்லூரிலும் சந்நிதியிலும் திருவிழாக் காலத்தில் எங்கள் கைகளில் என்ன இருக்கும்? கராஜில் வேலை செய்யும் பொடியனின் கையில்? இவ்வளவு காலம் சண்டை நடந்த நிலத்தின் புழுதியில்? அளந்து வைத்திருந்தால்தான், ஒரு அப்பாவியின் கையில் துகள் இருந்தது என்று யாராவது சொல்லும்போது, அது எங்கும் இருப்பதுதான் என்று ஆதாரத்தோடு மறுக்கலாம்.

இனி, எங்கள் மண்ணுக்கடியில் இருப்பதைப் பற்றி.

செம்மணிப் புதைகுழியை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு சிப்பாய் நீதிமன்றத்தில் சொன்ன வாக்குமூலத்துக்குப் பிறகு, 1999இல் 15 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025இல் அதே செம்மணியிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணைக் கிண்டியபோது மறுபடியும் எலும்புகள் வெளிவந்தன. அந்த ஆண்டு அகழ்வில் 200க்கு மேற்பட்ட எலும்புத் தொகுதிகள் கண்டெடுக்கப்பட்டன. ஒரு பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொருளும் உடுப்புகளும் வந்தன. ஓகஸ்ட் மாதம் அவற்றை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். காணாமல் போனவர்களின் தாய்மார் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

ஒரு துணித்துண்டு மண்ணுக்குள் இருந்து வருகிறது என்றால் அதோடு பேசத் தெரிந்த ஆள் நுண்தடய ஆய்வாளர்தான். பருத்தியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பொலியெஸ்ரர் பல பத்தாண்டுகள் நிலைக்கும். சில வேளை துணி முழுவதும் உக்கிப்போய், அதைத் தைத்த பொலியெஸ்ரர் நூல் மட்டும் தையல் கோடாக எஞ்சியிருக்கும். கண்ணுக்கு வெறும் நூல்; தெரிந்தவருக்கு அங்கே ஒரு சட்டை இருந்ததற்கும், அது எப்படித் தைக்கப்பட்டது என்பதற்கும் சான்று. நூலின் வகை, சாயம், முறுக்கு, பொத்தானின் பிளாஸ்ரிக், ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் தரலாம். அகழ்பவர்களுக்குத் தெரியாவிட்டால் அந்த நூல் மண்ணோடு அரிதட்டில் போய்விடும்.

மன்னாரை நினைத்துக்கொள்ளுங்கள். 2018இல் நகரின் நுழைவாயிலில் சதோச கட்டடம் கட்டப்பட்ட இடத்தில் 300க்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஒரு ஆய்வுகூடத்துக்குக் காபன் வயது காண அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் வந்த முடிவு, அவை 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையான காலத்தவை என்றது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. நம்புகிறோம் என்றார்கள், நம்ப மாட்டோம் என்றார்கள். முடிவு பிழை என்று நான் சொல்லவில்லை. எனக்கு வலித்தது வேறு. எத்தனை மாதிரி, எந்த எலும்பிலிருந்து, குழியின் எந்த ஆழத்திலிருந்து எடுத்தார்கள்? மீன் அதிகம் உண்ட கரையோர மக்களின் எலும்பு உள்ளதைவிடப் பழையதாகத் தோன்றக்கூடும், அதற்குத் திருத்தம் செய்தார்களா? 1950களுக்குப் பிந்திய அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட காபன் அடையாளம் இருந்ததா என்று பார்த்தார்களா? இந்தக் கேள்விகளை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கவும், வரும் பதிலை அந்தத் தாய்மாருக்குத் தமிழில் நேர்மையாக எடுத்துச் சொல்லவும் எங்களுக்குள் போதிய ஆட்கள் இல்லை. நம்பிக்கையும் அவநம்பிக்கையும் மட்டும் இருந்தன.

இந்தத் தொழிலில் சேரும் பிள்ளைக்கு முதலில் கற்பிக்க வேண்டியது எல்லை. 1999இல் லண்டனில் ஜில் டாண்டோ என்ற தொலைக்காட்சி அறிவிப்பாளர் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பரி ஜோர்ஜ் என்பவர் 2001இல் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டதில் முக்கிய பங்கு வகித்தது, அவருடைய மேலங்கியின் பைக்குள் கிடைத்த ஒரேயொரு சூட்டுத் துகள். கொலை நடந்து ஏறத்தாழ ஒரு வருடம் கழித்துக் கைப்பற்றிய அங்கி அது. பிறகு நிபுணர்களே மீண்டும் யோசித்தார்கள்: அவர் சுட்டிருந்தாலும் அப்படி ஒரு துகள் கிடைக்கலாம், சுடாமலே வேறெங்கிருந்தாவது ஒட்டியும் கிடைக்கலாம், இரண்டுக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியென்றால் அந்தத் துகள் எதையுமே சொல்லவில்லை. 2008 மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். அதற்குள் எட்டு வருடங்கள் சிறையில். அமெரிக்காவின் மத்திய புலனாய்வு நிறுவனமான எஃப்பிஐயின் ஆய்வாளர்கள் மயிரை ஒப்பிட்டுச் சொன்ன சாட்சியங்களை மீளப் பார்த்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியம் சொல்லப்பட்ட 268 வழக்குகளில் 257இல் பிழையான கூற்றுகள் இருந்ததாக 2015இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. மரண தண்டனை பெற்றவர்களும் அதில் அடக்கம். நுணுக்குக்காட்டி பொய் சொல்லவில்லை. பார்த்தவர்கள் தாம் கண்டதைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள்.

ஆகவே எப்படிப்பட்ட பிள்ளை இதற்கு ஏற்றது என்று என்னைக் கேட்டால், கெட்டித்தனத்தை இரண்டாவதாகத்தான் வைப்பேன். செய்முறைப் பரீட்சையில் எதிர்பார்த்த விடை வராதபோது, பக்கத்து மேசையைப் பார்த்துத் திருத்தி எழுதாமல், வந்ததை வந்தபடி எழுதிவிட்டு "சேர், எனக்கு இப்படித்தான் வந்தது" என்று சொல்லும் பிள்ளையை உங்களுக்குத் தெரியும். அநேகமாக அந்தப் பிள்ளைக்குப் புள்ளி குறைந்திருக்கும். எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். நாளைக்கு ஒரு பொலிஸ் அதிகாரியோ, பாதிக்கப்பட்ட எங்கள் சொந்த மக்களோ, ஒரு முடிவை எதிர்பார்த்து முன்னால் நிற்கும்போது, சான்று அவ்வளவு தூரம் போகவில்லை என்று சொல்லும் துணிவு அதற்கு இருக்கும். எங்கள் பக்கத்து நியாயத்துக்காகக்கூட ஒரு துகளைப் பெரிதாக்கிச் சொல்லாத ஆளைத்தான் நீதிமன்றம் நம்பும், உலகமும் நம்பும்.

பாதை எளிதென்று சொல்ல மாட்டேன். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே திருநெல்வேலியில் அதற்கு இடமுண்டு. நாட்டில் இந்த வேலையின் முதன்மை இடம் பத்தரமுல்ல, பெலவத்தையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களம். அங்கே விஞ்ஞானப் பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் வெற்றிடம் வரும் என்றில்லை, வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அந்தத் திணைக்களத்தின் அறிக்கையைச் சான்றாக ஏற்கிறது. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு பாரம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். முதுமாணிப் படிப்புக்கு வெளியே போக விரும்புவோருக்கு கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்கிளைட் போன்ற பல்கலைக்கழகங்கள் நெடுங்காலமாக இதைக் கற்பிக்கின்றன. அதற்கிடையில் உணவு, மருந்து, சுங்கம், சுற்றாடல் என்று எந்த ஆய்வுகூடத்திலும் இதே கை வேலைக்கு மதிப்புண்டு. வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதையும் மறக்க வேண்டாம். குறுக்கு விசாரணையில் முனைவாக்கிய ஒளியையும் நிறமாலையையும் தமிழில் தடுமாறாமல் விளக்கக்கூடிய நிபுணர் எங்கள் நீதிமன்றங்களுக்குத் தேவை.

பெற்றோர் வந்து கேட்பார்கள், பொம்பிளைப் பிள்ளை பிணத்தோடு வேலை செய்வதா என்று. பிணத்தைப் பார்ப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. இந்த வேலை உடுப்போடும் கண்ணாடியோடும் மண்ணோடும் என்று சொல்லுங்கள். அது முழு உண்மையில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு சின்னப் பிள்ளையின் சட்டையை மேசையில் விரிக்கும் நாள் எந்த ஆய்வாளருக்கும் வரும். அன்று கை நடுங்கும். ஆனாலும் வேலையைச் சரியாகச் செய்து முடிப்பது அந்தப் பிள்ளைக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை என்று நான் நம்பியே இவ்வளவு காலம் வேலை செய்தேன்.

உங்களால் இப்போதே செய்யக்கூடியது அதிகம் பணம் கேட்காது. பாடசாலை அலுமாரிக்குள் உறை போட்டு வைத்திருக்கும் நுணுக்குக்காட்டியை வெளியே எடுங்கள். முனைவாக்கித் தாள் இரண்டு துண்டு வாங்கி ஒன்றை ஒளிக்கு மேலும் மற்றதைக் கண்வில்லைக்கு அருகிலும் வைத்து, பார்வைப் புலம் இருளும் வரை ஒன்றைத் திருப்பினால், நைலோன் இழை நிறங்களோடு ஒளிரும், சாதாரண கண்ணாடித் துணிக்கை இருட்டாகவே கிடக்கும். தலைமயிரையும் ஆட்டு மயிரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஒரு பாடவேளை போதும். ரியூட்டறியில் கற்பிப்பவர்களையும் கேட்கிறேன்; பாடசாலையைவிடக் கூடுதலான பிள்ளைகள் உங்கள் முன்னால்தான் இருக்கிறார்கள். ஐந்து நிமிடம் எடுத்து இந்தத் தொழிலின் பெயரையாவது சொல்லுங்கள்.

நீங்கள் அழைத்தால் நான் வருவேன். கொக்குவிலில் என்னைத் தெரிந்த ஆசிரியர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள், அவர்களிடம் நாளைச் சொல்லி அனுப்பினால் போதும். கண்ணாடி, இழை, எண்ணெய் எல்லாம் நான் கொண்டு வருகிறேன். மண்ணைப் பிள்ளைகளே கொண்டு வரட்டும்: தங்கள் வளவிலிருந்து ஒரு தேக்கரண்டி, கடதாசிப் பையில் போட்டு, எடுத்த இடம், திகதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இரசாயனப் பகுப்பாய்வாளர்,
கொக்குவில்.